பதின்மூன்று அத்தியாயங்களில் ஒரு கேஸ் கட்டு

மதுரை மாவட்ட நீதிமன்றத்தில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் குற்றவியல் வழக்குகள் நடத்தி வருகிறேன். பகல் முழுவதையும் எஃப்.ஐ.ஆர்., மகஜர், வாய்தா என்று கழித்துவிட்டு வீடு திரும்புகிறவனுக்குத் தொலைக்காட்சியிலும் போலீசையும் குற்றவாளியையும் பார்க்கும் ஆசை இருக்க நியாயமில்லை. அப்படியே உட்கார்ந்தாலும், குறுக்கு விசாரணையின் நடுவில் உண்மையான கொலையாளி எழுந்து நின்று கண்ணீருடன் ஒப்புக்கொள்ளும் காட்சி வந்ததும் சாப்பிடப் போய்விடுவேன். அதனால்தான், நியூ ஜெர்சியிலிருந்து விடுமுறைக்கு வந்த அக்கா மகன், “மாமா, உங்களுக்குன்னே தேடிப் பிடிச்சேன்” என்று கொடுத்த ‘தி வயர்’ முதல் சீசனின் டிவிடி பெட்டி பீரோவின் மேல் ஓராண்டு தூசி படிந்து கிடந்தது. கோடை விடுமுறையில் ஒரு நாள் அதைப் பிரித்தேன். பதின்மூன்று அத்தியாயங்களையும் பார்த்து முடித்த மறுநாளே முதல் வட்டை எடுத்து மீண்டும் தொடங்கினேன். அந்த இரண்டாம் சுற்றில் எடுத்த குறிப்புகளிலிருந்துதான் இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

அமெரிக்காவின் எச்.பி.ஓ. அலைவரிசையில் 2002 ஜூன் 2-ஆம் தேதி ஒளிபரப்பாகத் தொடங்கிய தொடர் இது. உருவாக்கியவர் டேவிட் சைமன், பால்டிமோர் நகரின் நாளிதழில் குற்றச் செய்தியாளராக இருந்தவர். அவருடன் சேர்ந்து எழுதிய எட் பர்ன்ஸ் அதே நகரத்தின் காவல்துறையில் கொலைப் பிரிவுத் துப்பறிவாளராகப் பணியாற்றி, ஓய்வுக்குப் பின் பள்ளி ஆசிரியராகப் போனவர். 1980களில் மெல்வின் வில்லியம்ஸ் என்ற போதைப்பொருள் வணிகரைச் சட்டத்தின் பிடியில் கொண்டுவர நடந்த நீண்ட விசாரணையில் பர்ன்ஸ் பணிபுரிந்தார்; சைமன் அதைப் பற்றிப் பத்திரிகையில் தொடராக எழுதினார். அந்த அனுபவத்தின் சாறுதான் இந்த முதல் சீசன். இதே மெல்வின் வில்லியம்ஸ் சிறையிலிருந்து வெளியே வந்து, மூன்றாம் சீசனில் ஒரு தேவாலய ஊழியராக நடித்தார் என்பது சைமனின் குறும்பு. டிவிடியாக இது வெளிவந்தது 2004 அக்டோபரில். அதற்குச் சில மாதங்கள் முன்பு, அந்த ஆண்டு ஜூலையில்தான், நம் ஊர் உலகநேரியில் உயர் நீதிமன்றக் கிளை திறக்கப்பட்டது என்பதால் அந்த ஆண்டை எனக்கு மறப்பதற்கில்லை.

பெட்டிக்குள் ஐந்து வட்டுகள் இருக்கின்றன. நம் ஊரில் வாங்கிய டிவிடி பிளேயரில் அவற்றைப் போட்டால் முதலில் ஓடாது. டிவிடிகளுக்காக உலகை ரீஜன் என்று மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள்; அமெரிக்க வட்டு ரீஜன் 1-ஐச் சேர்ந்தது, இந்தியா ரீஜன் 5. டவுன் ஹால் ரோட்டில் ஒரு சர்வீஸ் கடைக்குப் பிளேயரைத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் ரிமோட்டை வாங்கி, தட்டைத் திறந்துவைத்துச் சில எண்களை அழுத்தினார். திரையில் ஒரு ரகசியப் பட்டியல் வந்தது. அதில் ரீஜன் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு, “இனிமே எந்த நாட்டு டிஸ்க்கும் ஓடும் சார்” என்றார். இரண்டு நிமிட வேலை. பிரிட்டனில் வெளியான பதிப்பு கிடைத்தால் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அது ‘பால்’ (PAL) எனப்படும் தொலைக்காட்சி முறையில் பதிவானது. விநாடிக்கு 24 சட்டகங்களாக எடுத்த படத்தை 25 சட்டகங்களாக ஓட்டும்போது வேகம் நூற்றுக்கு நான்கு கூடுகிறது. ஒரு மணி நேரப் படம் இரண்டு நிமிடத்துக்கு மேல் சுருங்கி, குரல்களும் சற்றே மேலேறிவிடும். நிதானத்தையே உயிராகக் கொண்ட இந்தத் தொடருக்கு அது பொருந்தாது.

முதல் அத்தியாயம் நீதிமன்றத்துக்கு நம்மை அழைத்துச் செல்கிறது. கொலை வழக்கு. நேரில் பார்த்த சாட்சிகள் இருவர். அவர்களில் பாதுகாவலராக வேலை பார்க்கும் பெண், கூண்டில் ஏறியதும் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருக்கும் சிலரை ஒரு கணம் பார்க்கிறார். போலீசிடம் சொன்னதையெல்லாம் மறுத்து, எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், இவரில்லை என்கிறார். நாங்கள் பிறழ் சாட்சி என்று சொல்வோமே, அது. வாரத்துக்கு ஒன்றாவது என் கண் முன் நடக்கிறது. அரசு வழக்கறிஞரின் முகம் சிவப்பதையும், எதிரியின் வழக்கறிஞர் தன் தாள்களை மெல்ல அடுக்குவதையும், அந்தப் பெண் யாரையும் பார்க்காமல் இறங்கிப் போவதையும் இத்தனை சரியாகக் காட்டிய படத்தை நான் பார்த்ததில்லை. எதிரி விடுதலையாகிறான். பின்வரிசையில் சும்மா வேடிக்கை பார்க்க வந்திருந்த மெக்நல்டி என்ற துப்பறிவாளரை நீதிபதி தன் அறைக்கு அழைத்து, பார்வையாளர் வரிசையில் இருந்த அவர்கள் யார் என்று கேட்கிறார். அது ஒரு போதைப்பொருள் கூட்டம் என்று மெக்நல்டி வாயைத் திறந்துவிடுகிறார். அந்த ஒரு பேச்சினால், மேலதிகாரிகளுக்கு விருப்பமே இல்லாத ஒரு தனிப்படை அமைக்கப்படுகிறது. மீதி பன்னிரண்டு அத்தியாயமும் அந்தத் தனிப்படையின் கதை.

விருப்பமில்லாமல் அமைக்கும் தனிப்படைக்கு ஒவ்வொரு பிரிவும் யாரை அனுப்பும்? தனக்கு வேண்டாதவரைத்தான். குடித்துவிட்டுத் தூங்கும் முதியவர்கள், அடிதடிக்குப் பழகிய இளைஞர்கள், ஒரு காலத்தில் செல்வாக்குள்ள ஒருவரின் மகன் மீது வழக்குப் போட்டதற்காக அடகுக்கடைப் பிரிவில் பதின்மூன்று ஆண்டுகள் தூக்கிப் போடப்பட்ட லெஸ்டர் ஃப்ரீமன். அலுவலகமாக ஒரு நிலவறை. இந்த வட்டை ஓடவிட்டபோது, கோ.புதூரில் என் பக்கத்து வீட்டில் குடியிருக்கும் ஏட்டையா வந்து உட்கார்ந்துவிட்டார். தலைமைக் காவலராக ஓய்வு பெற்றவர், பணிக்காலத்தில் பாதியை நிலைய எழுத்தராக, அதாவது எல்லோரும் சொல்வது போல ரைட்டராக, கழித்தவர். அவருக்கு ஆங்கிலம் குறைவு. அதனால் நான் அடிக்கடி படத்தை நிறுத்தி விளக்க வேண்டியிருந்தது. ஆனால் நான்காம் அத்தியாயத்தில் ஒரு காட்சிக்கு விளக்கம் தேவைப்படவில்லை. ஒரு பெரிய மேசை கதவு நிலையில் சிக்கிக்கொள்கிறது. ஒரு போலீஸ்காரர் முக்கி முனகித் தள்ளுகிறார். வருகிறவர், போகிறவர் எல்லாரும் ஒரு கை கொடுக்கிறார்கள். மேசை அசையவில்லை. களைத்துப்போன ஒருவர், இப்படியே போனால் இதை உள்ளே கொண்டுவரவே முடியாது என்கிறார். மறுபக்கத்தில் இருப்பவர் திகைத்து, ‘உள்ளேயா?’ என்று கேட்கிறார். இத்தனை நேரமும் அவர் வெளியே தள்ளிக்கொண்டிருந்திருக்கிறார். ஏட்டையா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “வக்கீல் சார், இது நம்ம ஸ்டேஷன் சார். பேரை மட்டும்தான் மாத்தியிருக்கான்” என்றார். அன்றிலிருந்து அவர் ஒரு நாளும் வராமல் இருக்கவில்லை.

தொடரின் பெயரிலேயே இருக்கிற ஒட்டுக்கேட்பு, ஆறாம் அத்தியாயத்தை ஒட்டித்தான் உண்மையில் உயிர் பெறுகிறது. அதற்கு முன்பு அவர்கள் செய்வதெல்லாம் எழுத்து வேலை. அமெரிக்கச் சட்டத்தில் ஒருவரின் தொலைபேசியை ஒட்டுக்கேட்க நீதிபதியின் உத்தரவு வேண்டும். அந்த உத்தரவைப் பெற, கண்காணிப்பு, உளவாளி, மாறுவேடத்தில் கொள்முதல் என்று மற்ற வழிகளையெல்லாம் முயன்று தோற்றோம் என்பதைப் பிரமாண வாக்குமூலத்தில் விவரிக்க வேண்டும். உத்தரவு கிடைத்த பிறகும், வழக்குக்குத் தொடர்பில்லாத பேச்சைக் கேட்கக் கூடாது. பொதுத் தொலைபேசியில் பேசுகிறவர் யார் என்பதை ஒருவர் கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும். அதனால் ஒரு போலீஸ்காரர் வெயிலில் மொட்டை மாடியில் கேமராவோடு உட்கார்ந்திருக்கிறார், இன்னொருவர் நிலவறையில் காதுக்கருவியோடு உட்கார்ந்திருக்கிறார், இருவருக்கும் இடையில் ஒரு பதிவுத்தாள் நிரம்பிக்கொண்டே போகிறது. நம் நாட்டில் வழி வேறு: 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்தின் கீழ் இது நடந்துவந்தது, 1996-இல் மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், உள்துறைச் செயலாளரின் எழுத்துபூர்வ உத்தரவு வேண்டும், அந்த உத்தரவு இரண்டு மாதத்துக்கு மேல் தானாக நீடிக்காது, புதுப்பித்தாலும் ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது என்று வரையறுத்தது. அங்கே நீதிபதி கையெழுத்திடுகிறார், இங்கே செயலாளர் கையெழுத்திடுகிறார். எது மேல் என்பது வேறு விவாதம். ஆனால் அந்தக் கையெழுத்துக்குப் பின்னால் எத்தனை தாள், எத்தனை இரவு, எத்தனை தட்டச்சுப் பிழை என்பதைக் கதையாக்கலாம் என்று ஒருவருக்குத் தோன்றியதே எனக்கு வியப்பாக இருக்கிறது. 2002-லும் அந்தப் போலீஸ்காரர்கள் தட்டச்சுப் பொறியில்தான் தட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

சங்கேத எண்களைக் கண்டுபிடிக்கும் இடத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். போதைப்பொருள் கூட்டம் கைபேசி வைத்துக்கொள்வதில்லை. பேஜரும் நாணயத் தொலைபேசியும்தான். நம் ஊரில் பேஜர் வந்த வேகத்தில் போய்விட்டது என்றாலும், மஞ்சள் நிற ஒரு ரூபாய் தொலைபேசியின் முன் வரிசையில் நின்ற தலைமுறைக்கு அந்த உலகம் அந்நியமில்லை. பேஜரில் வரும் எண்ணை அழைத்தால் எதுவும் கிடைப்பதில்லை. சிறுவன் ஒருவனை அடித்ததற்காக வெளியே போகவே தடை விதிக்கப்பட்டு அலுவலகத்தில் முடங்கிக் கிடக்கும் பிரெஸ் என்ற இளைஞர், எண்பலகையை வெறித்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். பிறகு தெரிகிறது: எழுதப் படிக்கத் தடுமாறும் பையன்களும் பிழையின்றிப் பயன்படுத்தக்கூடிய ஒரு முறை. பலகையின் நடுவில் உள்ள 5-ஐத் தாண்டிக் குதிக்க வேண்டும். 1 என்றால் 9, 2 என்றால் 8, 3 என்றால் 7, 4 என்றால் 6; 5-க்கும் 0-க்கும் இடமாற்றம். நான் படத்தை நிறுத்திவிட்டு என் கைபேசியின் எண்பலகையில் விரலை வைத்துக் குதித்துப் பார்த்தேன். ஏட்டையாவும் தன் கைபேசியை எடுத்தார். இந்தத் தொடரைப் பார்க்கும் எவரும் அந்த இடத்தில் இதைத்தான் செய்வார்கள் என்று நினைக்கிறேன்.

அதே நான்காம் அத்தியாயத்தில், பழைய கொலை ஒன்று நடந்த சமையலறைக்கு மெக்நல்டியும் பங்க் என்ற அவருடைய நண்பரும் போகிறார்கள். தரையில் புகைப்படங்களைப் பரப்புகிறார்கள். அளவு நாடாவை இழுக்கிறார்கள். குண்டு பாய்ந்த கோணத்தைக் கையால் காட்டிப் பார்க்கிறார்கள், பொருந்தவில்லை, மீண்டும் படத்தைப் பார்க்கிறார்கள். சன்னல் கண்ணாடியின் உடைசலிலிருந்து, சுட்டவன் வெளியே நின்றிருக்க வேண்டும் என்று புரிகிறது. குளிர்பதனப் பெட்டியின் கதவிலிருந்து குறடால் குண்டைப் பிடுங்கி எடுக்கிறார்கள். வெளியே மண்ணில் தோட்டாவின் வெற்றுக்கூடு கிடக்கிறது. இத்தனை நிமிடமும் அவர்கள் பேசுவது ஒரே ஒரு கெட்ட வார்த்தையும் அதன் திரிபுகளும் மட்டுமே. வியப்புக்கும் ஏமாற்றத்துக்கும் வெற்றிக்கும் அதே வார்த்தை. அந்த வார்த்தையை எழுத முடியாது என்பதைத் தவிர, சம்பவ இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதும் பார்வை மகஜரை எப்படித் தயாரிக்க வேண்டும் என்பதற்கு இளைய வழக்கறிஞர்களுக்குப் போட்டுக் காட்டத் தகுந்த பாடம் அது. எத்தனை வழக்குகளில், சம்பவ இடத்தையே எட்டிப் பார்க்காமல் நிலையத்தில் உட்கார்ந்து வரைந்த மாதிரி வரைபடத்தை வைத்துக்கொண்டு நான் குறுக்கு விசாரணை செய்திருக்கிறேன்! என் கட்சிக்காரர்களுக்கு அதனால் லாபம்தான், இருந்தாலும் சொல்கிறேன்.

மறுபக்கத்தில் இருப்பவர்களையும் இதே பொறுமையோடு பார்க்கிறது இந்தத் தொடர். குடியிருப்பின் முற்றத்தில் போட்ட ஆரஞ்சு நிறச் சோபாவில் உட்கார்ந்து, டி’ஏஞ்சலோ என்ற இளைஞன் இரண்டு சிறுவர்களுக்குச் சதுரங்கம் கற்றுக்கொடுக்கிறான். ராசா, ராணி, யானை ஒவ்வொன்றும் தங்கள் கூட்டத்தில் யார் என்று அவர்களே பொருத்திப் பார்க்கிறார்கள். சிப்பாய் கடைசிக் கட்டம் வரை போனால் என்ன ஆகும் என்று ஒருவன் கேட்கிறான். அந்தச் சிறுவர்களில் வாலஸாக நடிப்பவர், பின்னாளில் பெரும் திரை நட்சத்திரமான மைக்கேல் பி. ஜோர்டன், அப்போது அவருக்குப் பதினைந்து வயதுதான். வாலஸுக்கு என்ன நேர்கிறது என்பதை இங்கே சொல்லப் போவதில்லை. மதுரையில் போதைப்பொருள் வழக்குகளுக்கான சிறப்பு நீதிமன்றத்தில் நின்றவர்களுக்கு இந்த முற்றம் தெரியும். 20 கிலோவுக்கு மேல் கஞ்சா என்றால் வணிக அளவு, குறைந்தது பத்தாண்டு சிறை. ஆனால் கூண்டில் நிற்பவர் பெரும்பாலும் மூட்டையைப் பேருந்தில் தூக்கி வந்தவர்தான். மூட்டைக்குச் சொந்தக்காரரின் பெயர் ஒப்புதல் வாக்குமூலத்தில் வரும், தீர்ப்பில் வராது. போதைப்பொருளைப் பின்தொடர்ந்தால் விற்பவனும் வாங்குபவனும்தான் கிடைப்பார்கள், பணத்தைப் பின்தொடர்ந்தால் எங்கே போய் நிற்போம் என்று தெரியாது என்பது ஃப்ரீமன் இளையவர்களுக்குச் சொல்லும் பாடம். அவர்கள் பின்தொடர்கிறார்கள், அது அரசியல்வாதியின் கார் ஓட்டுநர் வைத்திருக்கும் பை வரை போகிறது, அங்கே தொலைபேசி மணி அடிக்கிறது. அதற்கு மேல் நீங்களே பாருங்கள்.

பேச்சு மொழியைப் பற்றி மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பால்டிமோர் தெருவின் ஆங்கிலம், நம் பள்ளி ஆங்கிலத்துக்குப் பங்காளி முறைகூட இல்லை. முதல் அத்தியாயத்தில் பாதிப் பேச்சு எனக்குப் புரியவில்லை. ஆங்கில வசன வரிகளைப் போட்டுக்கொண்ட பிறகுதான் நிலைமை சரியானது. தமிழ் வரிகள் கிடையாது. வரிகளோடு பார்த்தாலும் சில இடங்களில் பின்னால் தள்ளி மறுபடி கேட்க வேண்டியிருக்கும். அதில் குறையாக எதுவும் எனக்குத் தோன்றவில்லை. கேஸ் கட்டைப் படிக்கும்போது 40-ஆம் பக்கத்தில் வரும் பெயர் 6-ஆம் பக்கத்தில் எங்கோ வந்ததே என்று திருப்பிப் பார்ப்பதில்லையா, அது போலத்தான். ஒன்பதாம் அத்தியாயத்தில் ஒரு முகம் வரும். இரண்டாம் அத்தியாயத்தில் ஓரமாக நின்றவர் என்று நினைவு தட்டும். வட்டை மாற்றிப் போட்டுப் பார்த்தால் அவர்தான். தொடர் நமக்கு நினைவூட்டுவதில்லை. முதல் அத்தியாயத்தின் முடிவில் மட்டும், இறந்து கிடப்பவர் யார் என்று பழைய காட்சியின் துண்டு ஒன்று மின்னி மறைகிறது. அது ஒன்றுதான் இந்தச் சீசனில் எனக்கு உறுத்திய செயற்கை. பின்னணி இசையும் இல்லை. பாட்டு கேட்டால் அது ஏதோ காரிலிருந்தோ மதுக்கடையிலிருந்தோ வருவதாக இருக்கும். முகப்புப் பாடலும், இறுதி அத்தியாயத்தை முடித்துவைக்கும் பாடலும்தான் விதிவிலக்கு.

படத்தின் வடிவத்தைப் பற்றி ஒரு தீர்மானத்துக்கு வர எனக்குச் சில நாள் ஆயிற்று. இந்த வட்டுகளில் படம் பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் 4:3 அளவில் இருக்கிறது. இன்றைய அகலத் திரையில் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழும். என் 43 அங்குலத் திரையில் கிட்ட உட்கார்ந்தால் விளிம்புகள் மங்கலாகத் தெரிகின்றன. 2015 ஜூனில் ஐந்து சீசன்களும் சேர்ந்து, பழைய படச்சுருளிலிருந்து புதிதாக எடுத்து 16:9 அளவுக்கு மாற்றப்பட்ட ப்ளூ-ரே தொகுப்பு வந்தது. இணையத் தளங்களில் கிடைப்பதும் அந்த அகல வடிவம்தான். அதில் தெளிவு பல மடங்கு என்பதில் சந்தேகமில்லை. அந்த மாற்றம் நடந்தபோது, சில காட்சிகள் அதனால் மேம்பட்டன, சில மேம்படவில்லை என்று சைமனே எழுதினார். ஒளிப்பதிவாளர் ஊட்டா ப்ரீஸ்விட்ஸ் அந்தச் சதுரத்துக்காகவே சட்டகம் கட்டியிருக்கிறார். நிலவறையில் மூன்று பேர் ஒரு மேசையைச் சுற்றி நெருங்கி நிற்கும்போது சுவர்கள் நெஞ்சின் மீது சாய்வது போல இருக்கும். முற்றத்துச் சோபாவைச் சுற்றிக் கட்டடங்கள் கிணற்றுச் சுவர் போல எழும்பும். அகலப்படுத்தினால் அந்த இறுக்கத்தில் காற்று புகுந்துவிடுகிறது. மங்கலைப் பொறுத்துக்கொண்டு நான் டிவிடியின் பக்கமே நிற்கிறேன்.

கூடுதல் அம்சங்கள் என்று பார்த்தால் தயாரிப்பாளர்கள் கையை இறுக்கிவிட்டார்கள். மூன்று அத்தியாயங்களுக்கு மட்டும் விளக்க உரை இருக்கிறது. ஆவணப்படம் எதுவும் இல்லை. முதல் அத்தியாயத்துக்குச் சைமன் பேசும் உரை மட்டும் கேட்கத் தகுந்தது. மற்றவை சுமார்.

குறைகளும் உண்டு. மெக்நல்டியின் குடியும் பிரிந்த மனைவியோடு சண்டையும் ஒரு கட்டத்துக்கு மேல் சலிக்கிறது. கீமா என்ற பெண் துப்பறிவாளரைத் தவிர, பெண்களுக்கு உட்காரவும் காத்திருக்கவும் தவிர வேலை குறைவு. முதல் மூன்று அத்தியாயங்கள் யார் யார் என்று புரிவதற்கே செலவாகும். அதுவரை தாக்குப்பிடிக்காதவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். வசவும் நிர்வாணமும் வன்முறையும் தாராளம். பிள்ளைகள் தூங்கிய பிறகுதான் போட முடியும். மெக்நல்டியாக நடிக்கும் டொமினிக் வெஸ்டும், கூட்டத்தின் தலைவர்களில் ஒருவரான ஸ்ட்ரிங்கர் பெல்லாக நடிக்கும் இட்ரிஸ் எல்பாவும் இங்கிலாந்துக்காரர்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. எல்பாவிடம் அது துளியும் வெளிப்படவில்லை, வெஸ்ட் கோபப்படும்போது சில இடங்களில் வெளிப்பட்டுவிடுகிறது.

புதிய டிவிடி பெட்டியைக் கடையில் தேடுவது வீண். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களிடம் பழையதாகச் சொல்லி வைப்பதுதான் வழி. வாங்கும்போது ஐந்து வட்டுகளையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து வாங்க வேண்டும். இணையத்தில் பார்த்துக்கொள்ளலாமே என்பவர்களுக்கு, 2023 மார்ச் முடிவில் எச்.பி.ஓ. தொடர்கள் நம் நாட்டில் ஒரு தளத்திலிருந்து ஒரே நாளில் காணாமல் போனதை நினைவுபடுத்துகிறேன். பாதியில் விட்டவர்கள் அடுத்த தளம் வரும் வரை காத்திருந்தார்கள். என் பெட்டியில் மூன்றாம் வட்டை மட்டும் என் பேத்தி தோசைக்கல் என்று நினைத்து விளையாடியதில் ஒரு கீறல் விழுந்திருக்கிறது; ஓரிடத்தில் படம் இரண்டு விநாடி உறைந்து பிறகு நகர்கிறது. இரண்டாம் சீசன் துறைமுகத்துக்கு நகர்கிறது என்று ஏட்டையாவிடம் சொல்லிவிட்டேன். தூத்துக்குடியில் நான்கு ஆண்டு வேலை பார்த்தவர் அவர். அக்கா மகன் பொங்கலுக்கு வருகிறானா என்று இரண்டு முறை விசாரித்துவிட்டார்.